குரலுக்கும் சுங்கச் சாவடியா?

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நாம் அறிவோம். அந்தக் கதைக்கு நம் காலத்தில் புதுப் பதிப்பு ஒன்று வெளிவந்திருக்கிறது.

2020-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள். இந்தியாவில் கைப்பேசி பேசத் தொடங்கி 25 ஆண்டுகள் நிறைந்த விழா. அவ்விழாவில் ரிலையன்ஸ் அதிபர் முகேஷ் அம்பானி பேசினார். 30 கோடி இந்தியர்கள் இன்னும் 2ஜி காலத்திலேயே சிக்கிக் கிடக்கிறார்கள் என்று உருகினார். 2ஜியை வரலாற்றுக்கு அனுப்பிவைக்க அரசு அவசர நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். எவ்வளவு இரக்கம்! எத்தகைய ஏழைப் பற்று! ஆனால், இப்படி இரங்கியவரின் ஜியோ கம்பெனியிடம் 2ஜி இல்லை. அது 4ஜியிலேயே பிறந்த கம்பெனி. 2ஜி வைத்திருந்தவர்கள் அவருடைய போட்டியாளர்கள். 2ஜி மூடப்பட்டால் யாருடைய கல்லாப்பெட்டி நிறையும் என்று சொல்லவும் வேண்டுமோ?

அந்த விழா எந்த நிகழ்ச்சியை நினைவுகூர்ந்தது தெரியுமா? 1995-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று, கல்கத்தா ரைட்டர்ஸ் கட்டடத்தில் இருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல் அது. உழைப்பாளர் இயக்கத்தின் தலைவர் ஒருவர் தொடங்கிவைத்த அந்தக் குரல், அன்று பணக்காரனுக்கு மட்டுமே எட்டியது. பேசினாலும் காசு, கேட்டாலும் காசு. பின்னர் அது மெல்ல மெல்ல இறங்கிவந்து குடிசைக்குள்ளும் நுழைந்தது. இன்று அதை மீண்டும் மாடிக்கு ஏற்றப் பார்க்கிறார்கள். நாம் இதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்கலாமா?

பொத்தான் கைப்பேசியின் சொந்தக்காரர்கள்

2ஜியில் சிக்கியவர்கள் என்று பேசப்பட்டவர்கள் எங்கோ இல்லை. வெம்பக்கோட்டையில் இருக்கிறார்கள், தாயில்பட்டியில் இருக்கிறார்கள், ஏழாயிரம்பண்ணையிலும் மேட்டமலையிலும் இருக்கிறார்கள். விடிந்ததும் விடியாததுமாக ஆலை வேனுக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் தாய்மார்களின் சுருக்குப் பையைப் பாருங்கள். பொத்தான் வைத்த பழைய கைப்பேசி ஒன்று இருக்கும். ஒருமுறை மின்னேற்றினால் நாள் கணக்கில் நிற்கும்; தரையில் விழுந்தாலும் பேசும். இந்திய நாட்டில் சாதாரணக் கைப்பேசி வைத்திருப்போர் ஏறத்தாழ 15 கோடிப் பேர் என்று 2024-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய டிராய் எடுத்துரைத்தது. அவர்களுக்கு வேண்டியது படமன்று, பாட்டன்று. குரல்! மகனின் குரல், மருமகளின் குரல், மேஸ்திரியின் குரல், மருத்துவமனையின் குரல்.

அந்தக் குரல் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை நம் தோழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அறியாதவனைத்தான் ஏய்ப்பார்கள்.

இரண்டு சாலைகள், ஒரு பாலம்

சிவகாசியிலிருந்து வடநாட்டுக்குச் சரக்கு அனுப்புவோர் இரண்டு வழிகளில் அனுப்புவர். ஒரு லாரியையே முழு வாடகைக்குப் பிடிப்பது ஒரு வழி. சரக்கைச் சிறு சிறு பெட்டிகளாகக் கட்டிப் பல வண்டிகளில் ஏற்றி, போய்ச் சேருமிடத்தில் வரிசைப்படுத்திக்கொள்வது மற்றொரு வழி. 2ஜி முதல் வகை. நீங்கள் பேசி முடிக்கும் வரையில் உங்களுக்கென்றே ஒரு தடம் ஒதுக்கப்படும். நீங்கள் பேசாமல் மூச்சு வாங்கினாலும் அந்தத் தடம் உங்களுடையதே. 4ஜி இரண்டாம் வகை. அங்கே தனித் தடம் என்பதே கிடையாது. குரலும் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு, மற்றச் செய்திகளோடு சேர்ந்தே ஓடும். இவ்வாறு 4ஜியிலேயே குரலைக் கொண்டுசெல்லும் முறைக்கு வோல்ட்டி என்று பெயர்.

இவ்விரண்டு சாலைகளுக்கும் நடுவே பாலம் வேண்டும். 4ஜியில் இருக்கும் ஒரு கைப்பேசிக்கு வோல்ட்டி இல்லையென்றால், அழைப்பு வந்த நொடியில் அதை 2ஜிக்கோ 3ஜிக்கோ இறக்கி மணியடிக்கச் செய்கிறார்கள். அதற்குச் சில விநாடிகள் கூடுதலாகப் பிடிக்கும். இது ஒரு பாலம். வோல்ட்டியில் பேசிக்கொண்டே பேருந்தில் செல்பவர் 4ஜி எட்டாத இடத்துக்குள் நுழைந்தால், பேச்சு அறுந்துபோகாமல் அதைப் பழைய சாலைக்கு மாற்றிவிடுகிறார்கள். இது இரண்டாவது பாலம். ஒரு கம்பெனியின் 4ஜிக்காரர் வேறொரு கம்பெனியின் 2ஜிக்காரரை அழைக்கும்போது, துண்டுகளாக வரும் குரலைச் சேர்த்துத் தடத்தில் ஏற்றும் வாயிற்பொறி ஒன்று இயங்குகிறது. இரு கம்பெனிகளின் வலைகளும் கைகோக்கும் இணைப்பு முனைகளும் இருக்கின்றன. இது மூன்றாவது பாலம்.

பாலத்தைக் கட்டும் பொறியாளர்கள் திறமைசாலிகள். அவர்களுக்கு நம் வணக்கம். அறிவியலின் பக்கம் குற்றமே இல்லை. எந்தத் தலைமுறைக் கைப்பேசியும் எந்தத் தலைமுறைக் கைப்பேசியோடும் பேச முடியும் என்று அறிவியல் நிரூபித்துவிட்டது. கேள்வி வேறு: பாலம் யாருடையது? பாலத்தின் மேல் உட்கார்ந்திருப்பவன் யார்?

சுங்கக்காரர்களின் சண்டை

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ கடை திறந்தது. பேச்சு இலவசம் என்றது. வெள்ளம் திரண்டது. அந்த அழைப்புகள் ஏர்டெல், வோடபோன், ஐடியா வாடிக்கையாளர்களைப் போய்ச் சேர வேண்டுமானால் மூன்றாவது பாலம் அகலமாக இருக்கவேண்டும். போதிய இணைப்பு முனைகளைப் பழைய கம்பெனிகள் தரவில்லை என்றது ஜியோ. இலவசம் என்று சொல்லி வெள்ளத்தைத் திருப்பிவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்றன பழைய கம்பெனிகள். ஆயிரம் அழைப்புகளில் ஐந்துக்கு மேல் இணைப்பு முனை நெரிசலால் தவறக்கூடாது என்பது விதி. அவ்விதி மீறப்பட்டது எனக் கண்ட டிராய், 2016 அக்டோபரில் அம்மூன்று கம்பெனிகள் மீதும் மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப் பரிந்துரைத்தது. யானைக்கும் யானைக்கும் சண்டை, மிதிபட்டது புல். அழைத்தவனுக்கும் காரணம் தெரியாது, அழைக்கப்பட்டவனுக்கும் தெரியாது. இருவரும் தத்தம் கைப்பேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு நொந்துகொண்டதுதான் மிச்சம்.

அடுத்த கூத்தைக் கேளுங்கள். ஒரு கம்பெனியில் இருந்து கிளம்பும் அழைப்பு மற்றொரு கம்பெனியில் போய் முடிந்தால், கிளம்பிய கம்பெனி முடிந்த கம்பெனிக்கு நிமிடக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றொரு ஏற்பாடு இருந்தது. நிமிடத்துக்கு 14 காசாக இருந்த அது, 2017 அக்டோபரில் 6 காசாயிற்று. 2021 ஜனவரி முதல் நாள்தான் அடியோடு ஒழிந்தது.

நம் ஏழை மக்கள் என்ன செய்தார்கள்? காசில்லாதவன் மணியடித்துவிட்டு வைத்தான். இலவசமாகப் பேச வாய்த்தவன் திருப்பி அழைத்தான். 'மிஸ்டு கால்' ஏழையின் தந்தியாயிற்று. இந்தத் தந்திக்கும் கணக்குப் போட்டார்கள் முதலாளிகள்! 2ஜிக்காரர்கள் மணியடித்து விடுகிறார்கள், எங்கள் வாடிக்கையாளர் திருப்பி அழைக்கிறார், நாங்கள் கட்டணம் அழவேண்டியிருக்கிறது என்று முறையிட்டது ஜியோ. 2019 அக்டோபரில் பிற கம்பெனிகளுக்குப் போகும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 6 காசு வசூலிக்கவும் தொடங்கியது. இலவசத்தின் சாயம் வெளுத்தது.

அதே ஆண்டில் மணியோசையின் நீளத்தையே வெட்டினார்கள். மணி குறைவாக அடித்தால் எடுப்பதற்குள் நின்றுவிடும். தவறவிட்டவர் திருப்பி அழைப்பார். அப்போது கட்டணம் இந்தப் பக்கம் வரும் அல்லவா? ஆகவே 25 விநாடி அளவுக்கு மணியைக் குறைத்தன கம்பெனிகள். கடைசியில், கைப்பேசிக்கு 30 விநாடி, தரைவழித் தொலைபேசிக்கு 60 விநாடி மணியடித்தே தீரவேண்டும் என்று 2019 நவம்பரில் டிராய் ஆணையிட நேர்ந்தது.

நினைத்துப் பாருங்கள், தோழர்களே! வீட்டுத் திண்ணையில் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டி, பசை அப்பிய கையைத் துடைத்து, எழுந்து, உள்ளே மாடத்தில் இருக்கும் கைப்பேசியை எடுக்க எத்தனை விநாடி ஆகும்? அந்த ஐந்து விநாடியையும் காசாக்க முனைந்தவர்கள்தாம், அவளை 2ஜிச் சிறையிலிருந்து மீட்கப்போகிறோம் என்கிறார்கள்!

கைவிடப்பட்டவர்களின் கதை

தொழில்நுட்பம் மாறும்போதெல்லாம் ஏழைக்கு நேர்ந்தது என்ன? 2003-இல் 501 ரூபாய் கட்டினால் கைப்பேசி என்று ரிலையன்ஸ் இன்போகாம் கூவி விற்றது. அது சி.டி.எம்.ஏ. என்னும் வேறு முறையில் இயங்கிய கைப்பேசி. ஊரெல்லாம் வாங்கிற்று. பின்னாளில் அந்தத் தொழில்நுட்பம் கைவிடப்பட்டபோது, அக்கைப்பேசி குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாயிற்று. 2017 டிசம்பரோடு அந்தக் கம்பெனியின் வழிவந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் தன் கைப்பேசிக் குரல் சேவையையே நிறுத்திவிட்டது.

2018 பிப்ரவரியை மறந்தீர்களா? தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த ஏர்செல், சந்தைப் போரில் வீழ்ந்தது. ஒரே வாரத்தில் கோபுரங்கள் ஊமையாயின. வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், மாற்றுவதற்கான குறிச்சொல்லைப் பெறக் குறுஞ்செய்தி அனுப்பவேண்டும், குறுஞ்செய்தி அனுப்பக் கோபுரம் பேசவேண்டும், கோபுரமோ பேசவில்லை! கிணற்றில் விழுந்தவனிடம், மேலே ஏறிவந்து கயிற்றை வாங்கிக்கொள் என்ற கதை. அந்த மாத இறுதியில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. முதலாளி நீதிமன்றத்துக்குப் போனான். மக்கள் கடை கடையாக அலைந்தார்கள்.

இப்போது 2ஜியின் முறை என்கிறார்கள்.

கந்தக பூமியில் குரல் என்பது உயிர்

மற்ற ஊர்களில் அழைப்பு அறுந்தால் எரிச்சல். நம் வட்டாரத்தில் அது உயிர்ப் பிரச்சினை. பட்டாசு ஆலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக்கூடாது என்பது விதி. அது வேண்டிய விதியே. ஆகவே மனைவி மருந்து அறையில் இருக்கும்போது, கணவனுக்கு அவளோடு நேரே பேச வழியில்லை. வெடிச் சத்தம் கேட்கிறது. புகை எழும்புகிறது. எந்த ஆலை? எந்த அறை? சுற்றுவட்டத்துக் கிராமங்கள் அத்தனையும் ஒரே நொடியில் கைப்பேசியைக் கையில் எடுக்கின்றன. 108-க்கு ஓர் அழைப்பு, தீயணைப்பு நிலையத்துக்கு ஓர் அழைப்பு, ஆலைக் கணக்குப்பிள்ளைக்கு ஓர் அழைப்பு, சிவகாசி மருத்துவமனைக்கு ஓர் அழைப்பு, மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்களா என்று கேட்டு ஓர் அழைப்பு.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். என்ன ஆயிற்று என்று பார்க்கவும், காப்பாற்றவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து மக்கள். செய்தி கிட்டாத நெஞ்சம் தீயை நோக்கித்தான் ஓடும்! 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை மாதம் சின்னக்காமன்பட்டி என்று அந்தப் பட்டியல் இன்னும் நீண்டுகொண்டே இருக்கிறது. பாதுகாப்பான ஆலை வேண்டும் என்பது நம் முதற் கோரிக்கை, அதில் மாற்றமில்லை. அதனோடு சேர்த்தே கேட்கிறோம்: ஆபத்து வந்த நேரத்தில், கையிலிருக்கும் கைப்பேசி எந்தத் தலைமுறையைச் சேர்ந்ததாயினும் பேசவேண்டாமா?

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். பணக்கார நாடு. 2024 அக்டோபர் இறுதியில் அங்கே 3ஜியை மூடினார்கள். மூடுவதற்கு முன் ஓர் அதிர்ச்சி வெளிப்பட்டது. சில கைப்பேசிகள் சாதாரண அழைப்பை 4ஜியில் ஒழுங்காகப் பேசின. ஆனால் 000 என்னும் அவசர எண்ணை அழுத்தினால் மட்டும் பழைய 3ஜியைத் தேடி ஓடின! வைத்திருந்தவருக்கே இது தெரியாது. அரசு தலையிட்டது, மூடும் நாள் தள்ளிப்போயிற்று, அவசர அழைப்புச் செய்ய இயலாத கைப்பேசிகளைக் கண்டறிந்து, உரியவருக்கு அறிவித்து, வலையிலிருந்து நீக்கவேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கட்டளை பிறந்தது. அந்த நாட்டிலேயே அந்நிலை என்றால், ஆண்டுக்கணக்கில் பழைய கைப்பேசிகள் புழங்கும் நம் கிராமங்களில் எத்தனை கைப்பேசிகள் அந்த நெருக்கடி நொடியில் ஊமையாகும்? கணக்கெடுத்தவர் யார்?

முன்னேற்றத்துக்கு நாம் பகையா?

"இவர்கள் அறிவியலுக்கு எதிரிகள், பழைமைவாதிகள்" என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நாம் 4ஜியை எதிர்க்கவில்லை. வரட்டும்! 5ஜியும் வரட்டும்! பட்டாசுத் தொழிலாளியின் மகள் அதில் பாடம் படிக்கட்டும்! புதிய கதவு திறப்பதை நாம் தடுக்கவில்லை. மக்கள் வெளியே நிற்கும்போது பழைய கதவைத் தாழிடாதே என்கிறோம்.

"அலைக்கற்றை அரிய பொருள், 2ஜி அதை வீணாக்குகிறது" என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 2ஜியின் ஓர் அலைத்தடத்துக்கு வேண்டியது 200 கிலோஹெர்ட்ஸ். அதற்குள் 8 காலப் பிரிவுகள். 4ஜிக்கோ 5, 10, 20 மெகாஹெர்ட்ஸ் என்று ஒதுக்குகிறார்கள். பெரும் பகுதியை 4ஜிக்குக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்றைக் குரலுக்கென்று வைத்துக்கொள்ள முடியும். ஜெர்மனியில் 2021-இல் 3ஜியை மூடிய கம்பெனிகள், 2ஜியை உடனே மூடாமல் விட்டுவைத்தன. அது அவர்களுக்கு வீணாகத் தோன்றவில்லை.

விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். அவர் கட்சி வேறு, நம் கட்சி வேறு. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். பசியால் பள்ளிக்கு வராத பிள்ளையைப் பார்த்து, "நீ பழங்காலத்தில் சிக்கிக் கிடக்கிறாய்" என்று அவர் பேசவில்லை. முதலில் சோறு போட்டார். பிறகு பாடம் நடந்தது. 4ஜி கைப்பேசியை ஏழையின் கையில் முதலில் கொடுங்கள். அது பேசுகிறதா என்று பாருங்கள். பிறகு 2ஜியை என்ன செய்வது என்று யோசிக்கலாம்.

மக்களின் பாலம் எங்கே?

சுங்கக்காரனை விரட்ட வழி, மக்களுக்குச் சொந்தமான பாலம். அது பி.எஸ்.என்.எல். அதை என்ன செய்தார்கள்? தனியார் 2016-இல் 4ஜியில் பறந்தபோது, பொதுத்துறையின் காலில் விலங்கு. 2019 அக்டோபரில்தான் அதற்கு 4ஜி அலைக்கற்றை தர மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. 2020 ஜனவரி 31 அன்று 78,569 ஊழியர்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரே நாளில் வெளியேற்றினார்கள். அதே 2020-இல் 4ஜி கருவிகளுக்கான டெண்டர் ரத்தாயிற்று. கடைசியில், நாட்டிலேயே உருவான கருவிகளைக் கொண்டு, ஏறத்தாழ 37,000 கோடி ரூபாய்ச் செலவில், 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்களோடு 2025 செப்டம்பர் 27 அன்று அந்த 4ஜி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நம் பொறியாளர்களால் முடியும் என்று மெய்ப்பித்தார்கள், பெருமைப்படுவோம். ஒன்பதாண்டுத் தாமதத்தில் தனியார் சுருட்டிய லாபத்துக்கு யார் பொறுப்பு என்றும் கேட்போம்!

மக்கள் குரல் எழுப்பினால் பலன் இல்லாமல் போகாது. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. பேச மட்டும் வேண்டியவனும் இணையத்துக்குச் சேர்த்து அழவேண்டிய நிலை. 2024 டிசம்பரில், குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றைக் கட்டாயம் தரவேண்டும் என்று டிராய் விதி வகுத்தது. அது ஒரு படி. ஆனால் அந்தத் திட்டத்தின் விலையை வகுக்கும் அதிகாரம் கம்பெனிகளிடமே இருக்கிறது. சாவி அவர்கள் இடுப்பில் இருக்கையில், கதவு உண்டு என்று மகிழ்ந்து என்ன பயன்?

செய்யவேண்டியது

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எந்த மாவட்டத்திலும், 2ஜி வைத்திருப்பவர் ஒவ்வொருவர் கையிலும் 4ஜியில் பேசும் கைப்பேசி சேரும் வரையில் 2ஜியை மூடக்கூடாது. அக்கைப்பேசியைக் கம்பெனியின் செலவில் தரவேண்டும். 108-க்கும் 112-க்கும் அது பேசுகிறதா என்று சோதித்துக் காட்டவேண்டும். கம்பெனிகளுக்கு இடையிலான இணைப்பு முனை நெரிசலை மாவட்ட வாரியாக, தமிழில், மாதந்தோறும் வெளியிடவேண்டும். குரல் மட்டும் வேண்டுவோருக்கான திட்டத்தின் விலைக்கு உச்சவரம்பு வேண்டும். பட்டாசுக் கிராமங்களின் கோபுரங்களுக்கு மின்வெட்டிலும் நிற்காத மின்கலம் வேண்டும், அக்கிராமங்களில் பி.எஸ்.என்.எல். கோபுரங்களை முதலில் நிறைக்கவேண்டும்.

இவற்றை மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு கிளையும் தன் கிராமத்தில் வீடு வீடாகச் செல்லட்டும். எத்தனை வீடுகளில் 2ஜி கைப்பேசி மட்டும் இருக்கிறது, எந்தத் தெருவில் எந்தக் கோபுரம் எட்டவில்லை, மணி அடிக்காமல் போன அழைப்புகள் எத்தனை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். அந்த நோட்டுப் புத்தகங்களை அடுக்கி மாவட்ட ஆட்சியரின் மேசைமேல் வைப்போம். டில்லியில் இருப்பவர்கள் 15 கோடி என்று ஓர் எண்ணைத்தான் அறிவார்கள். நாம் பெயர்களையும் தெருக்களையும் அறிந்து பேசுவோம்.

சாலையில் நடக்கச் செருப்பு இருக்கிறதா என்று சாலை கேட்பதில்லை. பொதுமக்களின் காற்றில் ஓடும் குரலும் அப்படியே ஓடவேண்டும். பாலம் மக்களுடையதாகும் வரை நம் பணி ஓயாது!